இருவருக்கு நடுவே இருபது பேர்

நெல்லித்தோப்பில் முகூர்த்தத்துக்கு முதல்நாள் சாயங்காலம் தெருமுனையில் ஒரு பேனர் ஏறும். நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும். சுற்றிலும் பாஸ்போர்ட் அளவில், கறுப்புக் கண்ணாடி போட்ட இருபது இளைஞர்களின் முகங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு பட்டப்பெயர். பெண்ணின் முகம் பிடித்திருக்கும் இடத்தைவிட அந்த இருபது பேர் பிடித்திருக்கும் இடம் அதிகம். பொது இடத்தில் இப்படிப் பேனர் வைப்பதற்குப் புதுச்சேரியில் 2000ஆம் ஆண்டிலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. கல்யாணப் பேனர் என்றால் சட்டம் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளும்.

இதைக் கேலி செய்யாத பெரியவர்கள் குறைவு. ஆனால் காதல் உறவுகள் ஏன் நீடிக்கின்றன, ஏன் முறிகின்றன என்று ஆராயும் சமூக உளவியலாளர் ஒருவர் அந்த வழியாகப் போனால் நின்று பார்ப்பார். ஓர் உறவு எத்தனை நாள் ஓடும் என்பதை அந்த இரண்டு பேரை மட்டும் கேட்டுச் சொல்லிவிட முடியாது, சுற்றி நிற்பவர்களையும் கேட்க வேண்டும் என்பது அவருடைய துறை அரை நூற்றாண்டாகக் கண்டு வரும் உண்மை.

சுற்றி நிற்பவர்களுக்கும் இந்த உறவில் தங்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று தெரியும். 2022இல் உசிலம்பட்டிப் பக்கம் நடந்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கிரிக்கெட் குழுவினர் பத்திரத்தாளோடு மேடையேறினார்கள். சனி, ஞாயிறுகளில் கணவரை விளையாட அனுப்புவேன் என்று பெண்ணிடம் கையெழுத்து வாங்கினார்கள். பத்திரிகைகள் வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. அதற்கு நாற்பது ஆண்டு முன்பே, 1982இல், மைக்கேல் ஜான்சனும் லீ லெஸ்லியும் அமெரிக்காவில் இதே பயத்தை ஆய்வாக்கியிருந்தார்கள். ஜோடி நெருங்க நெருங்க அவர்களுடைய நண்பர் வட்டம் சுருங்குகிறது என்பது அவர்கள் கண்டது. பத்திரத்தாள் கொண்டுவந்த பையன்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. முந்தைய கல்யாணங்களில் ஆட்டக்காரர்களை இழந்த அனுபவமே போதுமானதாக இருந்திருக்கும்.

காதலைப் பற்றி நம்மிடம் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. வீட்டில் எதிர்ப்பு வலுக்க வலுக்கக் காதலும் வலுக்கும் என்பதுதான் அது. தமிழ் சினிமாவின் பாதிப் பிழைப்பு இதில்தான் ஓடுகிறது. திருக்குறளின் 115ஆம் அதிகாரத்தில் காதலர்களே வந்து, ஊர்ப்பேச்சு தங்கள் காதலை வளர்க்கவே செய்கிறது என்கிறார்கள். 1972இல் ரிச்சர்ட் டிரிஸ்கால், கீத் டேவிஸ், மில்டன் லிபெட்ஸ் என்ற மூவர் கொலராடோவில் 140 ஜோடிகளை ஆராய்ந்து, பெற்றோரின் குறுக்கீடு கூடியபோது காதலும் கூடியதாக எழுதினார்கள். ‘ரோமியோ ஜூலியட் விளைவு’ என்று பெயரும் வைத்தார்கள். பெயர் அழகாக இருந்ததால் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

2014இல் காலீன் சின்க்ளேரும் உடன் ஆய்வாளர்களும் அதே கேள்விகளை 396 பேரிடம் திரும்பக் கேட்டார்கள். விளைவு கிடைக்கவில்லை. கிடைத்தது அதன் நேர் எதிர்: வீட்டாரும் நண்பர்களும் முகம் சுளித்த இடங்களில் காதலும் நம்பிக்கையும் பிடிப்பும் குறைவாக இருந்தன. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் மற்றவர்கள் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்ந்தன. சூசன் ஸ்ப்ரெச்சரும் டயான் ஃபெல்ம்லியும் 101 ஜோடிகளைப் பின்தொடர்ந்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், தன் சுற்றம் இந்த உறவை ஆதரிக்கிறது என்று பெண் உணர்ந்த ஜோடிகள் பிரிவது குறைவாக இருந்தது. திருமணமாகாத ஜோடிகள் ஏன் பிரிகிறார்கள் என்று 33 ஆண்டு காலத்தில் வந்த 137 ஆய்வுகளை 2010இல் பெஞ்சமின் லீ குழுவினர் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். முன்கோபியா, கூச்ச சுபாவியா போன்ற குணங்களை வைத்துப் பிரிவைக் கணிப்பது அதிகம் பலிக்கவில்லை. அதைவிடச் சுற்றத்தின் ஆதரவை வைத்துக் கணிப்பது பலித்தது.

அப்படியானால் வள்ளுவர் காட்டிய காதலர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் சொன்னது அந்த நேரத்து வேகம். ‘செய்யாதே’ என்றால் அதையே செய்யத் தோன்றும் மனநிலையை ஜாக் பிரெம் 1966இலேயே ஒரு கோட்பாடாக வகுத்தார். அந்த வேகம் இரண்டு பேரை ஒரு ராத்திரியில் பஸ் ஏற வைக்கும். பத்து வருட வீட்டு வாடகையை அது கட்டாது.

சங்க அகமரபு இந்த இடத்தில் சினிமாவைவிட விவரம் தெரிந்தது. அங்கே காதலர்களுக்கு நிகரான முக்கியப் பாத்திரம் தோழி. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 261 அடிகள். அத்தனையும் தோழி செவிலித்தாயிடம் பேசும் ஒரே பேச்சு. 99 பூக்களின் பெயர்களை அடுக்கியதற்காகவே அதைப் பள்ளிக்கூடத்தில் நினைவு வைத்திருக்கிறோம். அந்தப் பேச்சின் வேலை வேறு. தலைவியின் களவுக் காதலை வீட்டுக்குத் தெரியப்படுத்தி, அவன் தகுந்தவன் என்று வாதாடி, வேறு வரன் பேசாமல் தடுக்க வேண்டும். அறத்தொடு நிற்றல் என்று இதற்குத் துறையே வகுத்திருக்கிறார்கள். தலைவி தோழிக்குச் சொல்வாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும். செய்தி எந்த வழியாகப் போனால் எதிர்ப்பு குறையும் என்று கணக்குப் போட்டு வைத்த வரைபடம் இது.

2001இல் கிறிஸ்டோபர் ஆக்னியூ, டிமோத்தி லவிங், ஸ்டீபன் டிரிகோட்டஸ் மூவரும் 70 ஜோடிகளிடமும், அந்த ஜோடிகளின் நண்பர்களிடமும் தனித்தனியே கேட்டார்கள்: இந்த உறவு எப்படிப் போகிறது? பிறகு யார் பிரிந்தார்கள் என்று பார்த்தார்கள். பெண்ணின் தோழிகள் சொன்னதுதான் சரியாக அமைந்தது. காரணம் எளிது. பெண்கள் தோழிகளிடம் உறவைப் பற்றி விரிவாகப் பேசுகிறார்கள். நேற்றைய சண்டையின் கடைசி வாக்கியம் வரை அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆண்கள் நண்பர்களோடு ஆறு மணிநேரம் உட்கார்ந்து மேட்ச் பார்த்துவிட்டு, வீட்டில் பிரச்சினை என்று ஒரு சொல் சொல்லாமல் எழுந்து வருவார்கள். பேனரில் இருக்கும் இருபது பேரைவிட, பேனரில் இல்லாத இரண்டு தோழிகளுக்கு அந்த வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும்.

பெற்றோருக்கும் கொஞ்சம் தெரியும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் டாரா மெக்டொனால்டும் மைக்கேல் ராஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் காதல் எவ்வளவு காலம் நீடிக்கும் என்று மாணவர்களையும் அறைத்தோழர்களையும் பெற்றோரையும் கணிக்கச் சொன்னார்கள். காதலிக்கிறவர்களின் கணிப்பு எட்டாத உயரத்தில் இருந்தது. மற்ற இரு தரப்பும் உண்மைக்கு நெருங்கி நின்றன. மகளுக்கும் மகனுக்கும் புத்தி சொல்ல இந்த ஆய்வைக் கத்தரித்து வைத்துக்கொள்ள நினைக்கும் பெற்றோர் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். உறவு இப்போது எந்தத் தரத்தில் இருக்கிறது என்பதைக் காதலிப்பவர்களே நன்றாக எடைபோட்டிருந்தார்கள். அந்த எடையைக் கணிப்பில் சேர்க்க மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

சுற்றம் ஓர் உறவைத் தாங்குவது எப்படி? ஆசீர்வாதம், அட்சதை என்று நாம் பெரிதாகப் பேசுவதைவிட மிகச் சிறிய செயல்களால்தான் என்று நினைக்கிறேன். அத்தை வீட்டுக்கு ஒருவர் தனியாகப் போனால் வாசலிலேயே கேள்வி வரும்: “அவரு வரலையா?” அந்த ஒரு கேள்வியில் இருவரும் ஜோடி என்பது மறுபடியும் பதிவாகிறது. மறுவீடு, தலை தீபாவளி, பெரியப்பா வீட்டு விருந்து, சித்தி வீட்டு விருந்து, மொய் நோட்டில் இரண்டு பேருடைய பெயரும் சேர்ந்து ஒரே வரியில் ஏறுவது எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. கல்யாணமான முதல் வருடம் சொந்தக்காரர்கள் மாறி மாறிச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். புதுமணத் தம்பதிக்கு அது வயிற்றுச் சோதனை. பத்து வீடுகளில் பத்து முறை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களை ஊர் தனித்தனியாக நினைப்பதை நிறுத்திவிடும், அவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

இதன் கணித வடிவத்தை 2014இல் லார்ஸ் பேக்ஸ்ட்ராமும் ஜான் கிளைன்பெர்க்கும் ஃபேஸ்புக்கில் கண்டார்கள். துணை யார் என்று தெரிவித்திருந்த 13 லட்சம் பேரின் நட்பு வலையை எடுத்து, வலையை மட்டும் பார்த்துத் துணையைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்தார்கள். இருவருக்கும் பொதுவான நண்பர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அவ்வளவாக உதவவில்லை. உதவியது வேறொன்று. ஓர் இளைஞனுக்கு நெல்லித்தோப்பில் தெரு நண்பர்கள், தாகூர் கலைக்கல்லூரியில் படித்த கூட்டம், அரியாங்குப்பத்தில் மாமன் மச்சான்கள் என்று மூன்று வட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வட்டத்துக்கு இன்னொரு வட்டத்தைத் தெரியாது. மூன்றிலும் காலூன்றி நிற்கும் ஒரே ஆள் அவனுடைய மனைவி. இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத வட்டங்கள் எல்லாவற்றிலும் அறிமுகமானவர்தான் துணை என்று அந்தக் கணிப்பு சொன்னது. மணமானவர்களின் விஷயத்தில் முதல் யூகத்திலேயே பத்தில் ஆறு தடவை சரியாகவும் இருந்தது. கணிப்பு தவறிப்போன காதலர்கள், அதாவது ஒருவர் வட்டங்களுக்குள் மற்றவர் நுழையாதவர்கள், அடுத்த இரண்டு மாதத்தில் பிரிவதற்கான வாய்ப்பு அதிகமாக இருந்தது. மணிரத்னத்தின் அலைபாயுதேயில் ரகசியமாகத் தாலி கட்டிவிட்டு அவரவர் வீட்டில் இருக்கும் ஜோடி ஏன் அவ்வளவு திணறுகிறது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

மாமனார் மாமியார் பக்கம் கொஞ்சம் வளைந்து போகும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. டெரி ஆர்பக் 1986 முதல் டெட்ராய்ட் வட்டாரத்தில் 373 தம்பதிகளைப் பின்தொடர்ந்தார். தொடக்கத்தில் மனைவி வீட்டாரோடு நெருங்கியிருந்த ஆண்களின் திருமணங்களில் விவாகரத்துக்கான வாய்ப்பு 20 விழுக்காடு குறைவு. கணவன் வீட்டாரோடு நெருங்கியிருந்த பெண்களின் திருமணங்களில் அது 20 விழுக்காடு கூடுதல். மருமகள் நெருங்கினால் எல்லை அழிந்து, மாமியாரின் ஒவ்வொரு யோசனையும் தலையீடாகப் படத் தொடங்குகிறது என்பது அவருடைய விளக்கம். அமெரிக்கத் தனிக்குடித்தனங்களில் எடுத்த கணக்கு இது. நம் கூட்டுக்குடும்பத்தில் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ‘மாமியார் மெச்சிய மருமகளில்லை’ என்ற பழமொழி நம்மிடம் இருப்பதையும் மறுக்க மாட்டேன்.

கல்யாண மேடைப் பேச்சாளர்கள் விரும்பி எடுத்துவிடும் ஜெய்ப்பூர் ஆய்வு இன்னொன்று. உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் 1982இல் செய்தது. காதல் திருமணத்தில் அன்பு உச்சத்தில் தொடங்கி இறங்குகிறது, பெரியவர்கள் செய்துவைத்ததில் கீழே தொடங்கி ஏறுகிறது, ஐந்தாண்டுக்குப் பிறகு பின்னது முந்திவிடுகிறது என்பது முடிவு. அவர்கள் பார்த்தது மொத்தம் 50 தம்பதிகளை. ஒரே தம்பதியை ஆண்டாண்டாகப் பின்தொடரவும் இல்லை. புதிதாக மணந்தவர்களையும் நெடுநாள் தம்பதிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இவ்வளவு சிறிய தரவின் மேல் இவ்வளவு பெரிய முடிவைத் தூக்கி வைக்கக் கூடாது. ஒருவேளை அது உண்மையாகவே இருந்தாலும், ஏறிய கோட்டுக்குப் பின்னால் விருந்துகளும் இறங்கிய கோட்டுக்குப் பின்னால் மூடிய கதவுகளும் இருந்தனவா என்று அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது.

சுற்றத்துக்கு உள்ள இந்தச் சக்தியைச் சட்டமும் பயன்படுத்தப் பார்த்திருக்கிறது. அதில் புதுச்சேரிக்குத் தனிக்கதை உண்டு. 1873இல் காலணியோடு நீதிமன்றத்துக்குப் போனதற்காகத் தண்டிக்கப்பட்டுப் பாரிஸ் வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளையை இந்த ஊர் மறக்கவில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, சாதி மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களில் முன்வரிசையில் நின்றவர் அவர். இப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். இந்தச் சிவில் சட்டம் 1804இல் பிறந்தபோது அதில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. மகனுக்கு 25 வயதும் மகளுக்கு 21 வயதும் ஆகும்வரை பெற்றோர் சம்மதமில்லாமல் கல்யாணம் கிடையாது. அதன் பிறகும் ஆணுக்கு 30, பெண்ணுக்கு 25 வரை, மறுக்கும் பெற்றோரிடம் மரியாதையாகச் சம்மதம் கேட்கும் பத்திரம் ஒன்றை மாதம் ஒருமுறையாக மூன்று முறை அனுப்ப வேண்டும். இரண்டு நொத்தேர்கள் (பத்திரங்களுக்குச் சான்று தரும் அலுவலர்கள்), அல்லது ஒரு நொத்தேரும் இரண்டு சாட்சிகளும் நேரில் போய்க் கொடுத்து, பெற்றோர் சொன்ன பதிலை எழுதி வாங்கி வருவார்கள். மூன்றாவது பத்திரத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பெற்றோர் என்ன சொன்னாலும் கல்யாணம் நடக்கலாம். பின்னாளில் இது படிப்படியாகத் தளர்ந்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதை உண்டு. வீட்டாரின் வார்த்தைக்கு எடை கொடுத்தது. அந்த எடைக்கு ஒரு கெடு தேதியும் வைத்தது.

அறிவிப்பு என்ற ஒரே செயல், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து வேறு வேறு விளைவு தருகிறது. நெல்லித்தோப்பு விண்ணேற்பு அன்னை ஆலயம் போன்ற கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு பூசையில், இன்னார் மகன் இன்னாரும் இன்னார் மகள் இன்னாரும் மணக்க இருக்கிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. தடை சொல்ல யாரும் வருவதில்லை. முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையே பங்கு மக்களுக்கு அவர்கள் ஜோடி ஆகிவிடுகிறார்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும் 30 நாள் அறிவிப்பைக் கேட்கிறது. வயது, ஏற்கெனவே உள்ள மணம் போன்ற சட்டத் தடைகளைச் சொல்லத்தான் அந்த அவகாசம். சாதியும் மதமும் கடந்து மணப்பவர்களுக்கு அந்த அறிவிப்புப் பலகை, தேடுகிறவர்களுக்கு முகவரி எழுதிக் கொடுப்பதாக முடிகிறது. அறிவிப்பை வெளியிடுவது ஜோடியின் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னதற்கு இந்த ஆபத்தும் ஒரு காரணம்.

அமெரிக்கக் கல்லூரிகளில் எடுத்த ஆய்வுகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரும்போது கால் தடுக்கும் இடம் இதுதான். அங்கே எதிர்ப்பு என்றால் அம்மா நன்றிதெரிவித்தல் விருந்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று பொருள். தர்மபுரியில் 2012இல் இளவரசன் என்ற தலித் இளைஞர் சாதி கடந்து மணந்தபோது பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டார். நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஜூனில் மனைவி தாயிடம் திரும்பினார். 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையோரம் இறந்து கிடந்தார். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், அதேபோல் சாதி கடந்து மணந்த சங்கர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயதுவந்த இருவரின் திருமணத்தில் கூட்டம் கூடித் தலையிடுவது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 27இல் சக்தி வாகினி வழக்கில் தெளிவாகச் சொன்னது. இந்த எதிர்ப்பை ‘சுற்றத்தின் ஆதரவு குறைவு’ என்ற ஆய்வுப் பெட்டிக்குள் போட்டால் அது அறிவியலே ஆகாது, அது குற்றவியல்.

ஆதரவு என்ற சொல்லுக்கும் இன்னொரு முகம் உண்டு. நீடிக்கிற உறவெல்லாம் நல்ல உறவு என்று எண்ணிவிடக் கூடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான இந்தியப் பெண்களில் 29 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேரிடம் பிறந்த வீடே “அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா” என்று சொல்லியிருக்கும். அந்தத் திருமணம் நீடிக்கவும் சுற்றம்தான் காரணம். ஒரு தோழி அவள் பக்கம் நின்று, ‘வந்துவிடு’ என்று சொல்லி அந்த உறவு முறிந்தால், ஆய்வுத் தாளில் அது தோல்வியாகப் பதிவாகும். அந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை.

வீடு கதவைச் சாத்திய பிறகு ஒரு ஜோடி இழப்பது என்ன? தலை தீபாவளி இல்லை, விருந்து இல்லை, வளைகாப்புக்கு வளையல் போட வரும் பெண்கள் இல்லை. வாடகை வீட்டு அட்வான்ஸுக்குக் கைமாற்றுக் கொடுக்க ஆளில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரி ஒருவர் பார்த்துக்கொள்ள மற்றவர் தூங்க வழியில்லை. முதல் சண்டையில் சமாதானம் பேச யாருமில்லாமல், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அம்மாவும் அண்ணனும் நண்பனும் எதிராளியுமாக ஒரே அறைக்குள் இருக்க நேர்கிறது. காதல் திருமணம் தோற்றுவிட்டது என்று சொல்லும் ஊர், இந்தத் தாங்கல்களைப் பிடுங்கியது யார் என்று கேட்டுக்கொள்வதில்லை.

சமுத்திரக்கனியின் நாடோடிகள் 2009இல் வந்தபோது தமிழ்நாடே பேசிய படம். நண்பனின் நண்பனுக்குக் கல்யாணம் செய்துவைக்க மூன்று பேர் பாடுபட்டு, ஒருவன் காலையும் ஒருவன் காதுகேட்கும் திறனையும் இழக்கிறார்கள். அந்த ஜோடியோ கொஞ்ச நாளில் பிரிந்துவிடுகிறது. படம் ஜோடியின் மேல் கோபப்படுகிறது. கல்யாணத்தை நடத்தி முடிப்பதோடு நட்பின் வேலை தீர்ந்தது என்று அது நினைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவுத் திருமணத்துக்கு மூன்று சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சுயமரியாதைத் திருமணத்துக்கான சட்டப்பிரிவும் உறவினர், நண்பர், அல்லது வேறு யாராவது முன்னிலையில் நடக்க வேண்டும் என்கிறது. அப்படிக் கையெழுத்துப் போட்டவர்களில் நீங்களும் ஒருவர் என்றால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். உங்கள் அம்மாவுக்கும் கல்லூரிக் கூட்டத்துக்கும் அறிமுகப்படுத்துங்கள். ஒருவர் மட்டும் தனியாக வந்து நின்றால், இன்னொருவர் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். முதல் தீபாவளிக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள்.